கோட்டாற்றுக்கு வராத டிராம்

நாகர்கோவிலுக்கு மணிமேடை வந்தது 1893-இல். ரயில் வந்தது 1979-இல். நடுவில் எண்பத்தாறு வருடம் அந்தக் கடிகாரம் எந்த வண்டிக்காக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா எழுந்தருளியதன் நினைவாகக் கோபுரம். டெர்பி நகரத்து ஸ்மித் கம்பெனி செய்த கடிகாரம். அதை அன்பளிப்பாகக் கொடுத்தவர் லண்டன் மிஷன் பாதிரியார் டத்தி. ஆக ராஜாவும் கம்பெனியும் மிஷனும் ஒன்றுகூடி நமக்கு நேரத்தைக் கொடுத்தார்கள். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர ஒரு வண்டியைக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

இந்த ஊர்ச் சரித்திரத்தை வண்டி வாரியாகச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ராஜா வாரியாகச் சொன்னால் பரீட்சைக்கு ஆகும். வண்டி வாரியாகச் சொன்னால்தான், டவுணுக்குள் செட்டிக்குளத்திலிருந்து வேப்பமூட்டுக்கு நடந்து போகிறவன் காரில் போகிறவனுக்கு முன்னால் எப்படிப் போய்ச் சேருகிறான் என்பது விளங்கும்.

முதலில் கோட்டாறு. நாகர்கோவில் என்று இன்று சொல்வதெல்லாம் நேற்று வந்த பெயர். ஏவாரம் நடந்த ஊர் கோட்டாறுதான். கிரேக்கக்காரர் தாலமி இரண்டாம் நூற்றாண்டில் எழுதிவைத்த ‘கோட்டியாரா’ இதுதான் என்று அறிஞர்கள் பலர் சொல்வார்கள். தாலமி இந்தப் பக்கம் வந்ததில்லை. வராமலே பெயர் தெரிந்திருக்கிறது என்றால் அப்போதே கம்போளத்தில் அத்தனை சத்தம் இருந்திருக்கிறது. அன்று இந்த ஊர் இருந்த திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம், இதைச் சுற்றிய நாஞ்சில்நாடு. மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி எல்லாம் இந்தக் கம்போளத்தைச் சுற்றித்தான் நின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே பாண்டிநாட்டுக்குப் போன வண்டியும் இதே வழி. அன்றைக்கே தெரு இவ்வளவு அகலம்தான். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் எந்த மாடு ஒதுங்குவது என்பதில் வண்டிக்காரர்களுக்குள் வாக்குவாதம். மாடுகள் தங்களுக்குள் தீர்த்துக்கொண்டு போய்விடும். இன்று மாடு இல்லை, வாக்குவாதம் மட்டும் இருக்கிறது.

திருவிதாங்கூர் சர்க்காருக்குத் தண்ணீர்வழி என்றால் ஒரு தனிப் பிரியம். 1860-இல் உத்திரம் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை கடலோரமாக ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். படகு போகும், சரக்கு போகும், எல்லாம் சுகமாகப் போகும் என்று திட்டம். முதல் வேலையாகப் பெயர் வைத்தார்கள்: அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். குலதெய்வம் அனந்தபத்மநாபனுக்கு ஒரு பங்கு, சீமையில் இருக்கிற மகாராணிக்கு ஒரு பங்கு, தனக்கு ஒரு பங்கு. மூன்று பேரில் ஒருவராவது மண்வெட்டி பிடித்தாரா என்று கேட்கக்கூடாது. பெயர் வைத்த வேகத்தில் வெட்டியிருந்தால் கால்வாய் கன்னியாகுமரியைத் தாண்டி இலங்கைக்கே போயிருக்கும். மண்டைக்காட்டோடு நின்றுபோயிற்று. கோட்டாற்று வியாபாரிக்கு இது பந்தியில் பக்கத்து இலைவரை பாயசம் வந்து வாளி திரும்பிப் போன மாதிரி. இப்போது ஏவிஎம் கால்வாய் என்றால் வெளியூர்க்காரர்கள் வடபழனியில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

அடுத்தது ரயில். திருநெல்வேலிக்கு 1876-இலேயே ரயில் வந்தாயிற்று. அங்கிருந்து நாகர்கோவில் எண்பது கிலோமீட்டர் சொச்சம். வழியில் பெரிய மலையும் இல்லை. மலை இருந்த இடத்திலும் இயற்கையே ஆரல்வாய்மொழியில் ஒரு வாசலைத் திறந்துவைத்திருந்தது. அந்த வாசல் வழியாகப் படை வந்திருக்கிறது, கருப்பட்டி வந்திருக்கிறது, கல்யாண மாப்பிள்ளை வந்திருக்கிறான், வருடம் முழுக்கக் காற்று வந்துகொண்டே இருக்கிறது. அதே வாசல் வழியாக ரயில் வருவதற்கு 105 வருடம் பிடித்தது.

திருவிதாங்கூருக்கு ரயிலே பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். 1904-இல் கொல்லத்துக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் போட்டார்கள். எந்த வழியாக? செங்கோட்டை வழியாக, மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குக்குப் பாலம் கட்டி. வாசல் திறந்திருக்கச் சுவரை இடித்துக்கொண்டு போவது என்பது இதுதான். கொல்லம் துறைமுகம், அங்கே மிளகும் வெள்ளைக்காரக் கம்பெனிகளும். கணக்கு அவர்களுக்குச் சரிதான். நாஞ்சில்நாட்டில் இருந்தது நெல்லும் வெற்றிலையும் வழக்கும். நெல் உள்ளூரிலேயே தின்று தீர்ந்துவிடும். வழக்கை ஏற்றுமதி செய்ய அன்றைக்கு வழி இல்லை.

இதைவிட மனசு நோகிற சங்கதி ஒன்று உண்டு. அதே திருவிதாங்கூரில் 1902-இல் மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டக்காரர்கள் குண்டளைப் பள்ளத்தாக்கில் முதலில் ஒற்றைத் தண்டவாளமும், 1908-இல் அதை மாற்றி இரண்டடி அகலத்தில் ஒரு சின்ன ரயிலும் போட்டுக்கொண்டார்கள். ‘லைட் ரயில்வே’ என்றே அதற்குப் பெயர். 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்வரை ஓடியது. பக்கத்துக் கொச்சி ராஜ்யத்தில் பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு மரத்தை இறக்க ஒரு டிராம்வே. அது 1963 வரை ஓடிற்று. தேயிலை லைட் ரயிலில் போயிருக்கிறது, தேக்குத்தடி டிராமில் போயிருக்கிறது. நாஞ்சில்நாட்டு மனுசன் மட்டும் கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து போயிருக்கிறான். மனுசனுக்குச் சந்தை விலை இல்லாததுதான் காரணம்.

மனுசனை டிராமில் ஏற்றியது மதராஸ்தான். 1895 மே மாதம். இந்தியாவின் முதல் மின்டிராம். கல்கத்தாவில் குதிரை இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. சீமைத் தலைநகரமான லண்டனுக்கே மின்டிராம் ஒழுங்காக வந்தது 1901-இல்தான். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, புகையும் இல்லை, வண்டி தானாக வருகிறது என்றதும் மதராஸ்வாசிகள் தூர நின்று கும்பிட்டார்களாம். பயம் தெளிய சில நாட்கள் காசில்லாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று பட்டணத்தில் ஒரு கதை உண்டு. காசு இல்லை என்றதும் மின்சார பயம் போய்விட்டது என்பதை நான் நம்புகிறேன்.

அந்த டிராமுக்கு மேலே கம்பி கிடையாது. தெருவுக்கு நடுவே ஒரு பிளவு, அதற்கு அடியில் சால், சாலுக்குள் மின்சாரம். வண்டியிலிருந்து ஒரு கை கீழே போய் அதைத் தொட்டுக்கொண்டே வரும். தெருவின் அழகு கெடாது, வானம் வானமாக இருக்கும். சீமையிலிருந்து வந்த என்ஜினியர் வரைபடத்தில் எல்லாவற்றையும் போட்டிருந்தார், ஐப்பசி கார்த்திகையை மட்டும் போட மறந்துவிட்டார். மழை பெய்தது. மதராஸில் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அது நேரே அந்தச் சாலுக்குள் போயிற்று. சில வருடத்துக்குள் பிளவை மூடிவிட்டு, மேலே கம்பி கட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு டிராம்தான் பட்டணம். பாரிமுனை, மவுண்ட் ரோடு, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம், ராயபுரம் என்று தண்டவாளம் போன இடமெல்லாம் கடை வளர்ந்தது. கடை இருந்த இடமெல்லாம் தண்டவாளம் போயிற்று. கச்சேரி குமாஸ்தா, துறைமுகத் தொழிலாளி, மூர் மார்க்கெட்டுக்குப் பழைய புத்தகம் வாங்கப் போகிற மாணவன் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு. ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனும், பூதப்பாண்டி ஜீவாவும், நாடகக் கம்பெனியோடு போன நம்மூர்ப் பையன்களும் பார்த்த மதராஸ் டிராம் ஓடிய மதராஸ்தான். போய்விட்டுத் திரும்பியவன் ஊரில் வந்து அளந்திருப்பான்: “வேய், அங்க வண்டி மணியடிச்சிக்கிட்டே வரும். ஓடுகதுல ஏறலாம், ஓடுகதுல எறங்கலாம். எவனுக்கும் ஒதுங்காது, எல்லாவனும் அதுக்கு ஒதுங்கணும்.” கேட்டுக்கொண்டிருந்தவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்லியிருப்பார்: “நம்ம பண்ணையாரு மாதிரின்னு சொல்லும்.”

அந்த ஒதுங்காமைதான் கடைசியில் வினையாயிற்று. டிராமுக்கு வளையத் தெரியாது. பின்னால் கார் வைத்திருப்பவர் ஹாரன் அடிக்கிறார், டிராம் தன்பாட்டில் போகிறது. கார் வைத்திருப்பவர் யார்? மேலதிகாரி, வக்கீல், முதலாளி, மந்திரி. டிராமில் இருப்பவர் யார்? மற்ற எல்லோரும். ஒரு நகரத்தில் நெரிசலுக்குக் காரணம் யார் என்று தீர்மானிக்க எண்ணிக்கை எடுப்பதில்லை, மனு எழுதத் தெரிந்தவன் யார் என்றுதான் பார்ப்பார்கள். கம்பெனிக்கு நட்டம், தொழிலாளர் தகராறு, போட்டிக்குப் பஸ், எல்லாமும் உண்மைதான். அரசாங்கம் எடுத்து நடத்த முன்வரவில்லை. முதலமைச்சர் ராஜாஜி சிக்கனத்துக்குப் பேர்போனவர், காசு இல்லை என்று சொல்வதில் அவருக்கு இருந்த சரளம் வேறு எவருக்கும் வராது. 1953 ஏப்ரலில் ஒரு நள்ளிரவோடு மதராஸ் டிராம் செத்தது. அப்போது வண்ணாரப்பேட்டைக்கு எம்.எல்.ஏ. நம்ம பூதப்பாண்டி ஜீவா. டிராம் இல்லாத ஊரில் பிறந்தவர், டிராம் சாகிற ஊருக்குப் பிரதிநிதியாக இருந்தார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டிராம் போனால் மவுண்ட் ரோடு காலியாகும் என்றார்கள். காலியான இடத்தில் கார் வந்தது. கார் கூடியதும் 1973-இல் ஜெமினி மேம்பாலம் வந்தது. மேம்பாலம் வந்ததும் இன்னும் கார் வந்தது. கடைசியில் 2019 பிப்ரவரியில் அதே மவுண்ட் ரோட்டுக்கு அடியில், மண்ணைக் குடைந்து, மெட்ரோ ரயில் விட்டார்கள். தெருவுக்கு மேலே இருந்த தண்டவாளத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அறுபத்தாறு வருடம் கழித்துத் தெருவுக்குக் கீழே புதுசாகப் போட்டிருக்கிறோம். மேலே கார் நிம்மதியாக நிற்கிறது.

நம்ம ஊருக்கு வருகிறேன். சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது, தனியார் பஸ்காரர்கள் அடிக்கிற கூத்தைப் பார்த்துவிட்டு, சர்க்காரே பஸ் ஓட்டுவது என்று முடிவாயிற்று. அதற்கு ஆள் வேண்டும் என்று லண்டனிலிருந்து ஈ.ஜி. சால்டர் என்பவரைக் கொண்டுவந்தார்கள். அவர் லண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்தில் இருந்தவர். அந்த வாரியம் அந்தச் சமயத்தில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? லண்டன் டிராமை ஒவ்வொரு தடமாக ஒழித்துக்கொண்டிருந்தது. டிராமைக் கருமாதி செய்துகொண்டிருந்த வீட்டிலிருந்து நமக்குப் புரோகிதர் வந்தார். 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜாவையும் ராஜகுடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு முதல் பஸ்ஸைச் சால்டரே ஓட்டினார். சீமையிலிருந்து இறக்கிய காமர் சேசிஸ், பெர்கின்ஸ் டீசல் என்ஜின். ஆரம்பகாலத் தடங்களிலேயே நாகர்கோவில் சாலை உண்டு. ராஜா வந்தால் குதிரைகட்டி ஓடுகிற சாலையில் பொதுசனம் சர்க்கார் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து போனது அப்போதுதான். இதில் கிண்டலுக்கு ஒன்றும் இல்லை. நல்ல காரியம். சால்டருக்கு மணிமேடைப் பக்கம் ஒரு சிலை வைத்தாலும் தகும். ஏற்கெனவே உள்ள சிலைகளுக்கே வண்டி வளைந்து போகிறது என்பதால் விட்டுவிடலாம்.

1956 நவம்பர் முதல் தேதி நாஞ்சில்நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மார்ஷல் நேசமணியும் கூடப் போராடியவர்களும் அதற்குப் பட்ட பாடு தனிக் கதை. பாஷை மாறவில்லை, ராஜா மாறினார், பஸ்ஸின் நிறம் மாறியது. பிற்பாடு நேசமணி பெயரிலேயே இங்கே ஒரு போக்குவரத்துக் கழகம் வந்து, 1997-இல் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்தபோது அதுவும் போயிற்று. தெரு மட்டும் எந்த ராஜாவுக்கும் அகலவில்லை. நாகர்கோவில் கடைத்தெரு எப்படி ஒரு மரத்தைச் சுற்றி வளர்ந்து, முனிசிபாலிடியும் ஏவாரமும் தேர்தலும் சேர்ந்து அந்த மரத்தை எப்படி முடித்தன என்பதைச் சுந்தர ராமசாமி 1966-இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’யாக எழுதிவிட்டார். படித்தவர்கள் எல்லோரும் மரத்துக்காக அழுதார்கள். அழுது முடித்துவிட்டு நிழல் தேடிப்போய்க் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள்.

ரயிலுக்கு அடிக்கல் 1972 செப்டம்பரில். போட்டவர் பிரதமர் இந்திரா காந்தி. நாகர்கோவிலுக்கு அப்போது எம்.பி. காமராஜர். இரண்டு பேரும் காங்கிரஸ்தான், ஆனால் வேறு வேறு காங்கிரஸ். தண்டவாளம்தான் ஒன்றுபோல இரண்டாக ஓடும்; கட்சி அப்படி இல்லை. காமராஜர் 1975-இல் காலமாகிவிட்டார். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலிருந்து ரயில் வந்தது. 1981 ஏப்ரலில் திருநெல்வேலிக்கும் இணைத்தார்கள். ஆரல்வாய்மொழிக் காற்று முதன்முறையாக ஒரு ரயிலை உள்ளே விட்டது. நிர்வாகம் மட்டும் திருவனந்தபுரம் கோட்டத்திலேயே. 1956-இல் நாம் பிரிந்து வந்ததை ரயில்வே இலாகாவுக்கு இதுவரை யாரும் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை போலிருக்கிறது.

ரயில் நிலையம் வந்தது கோட்டாற்றில். வடசேரி ஸ்டாண்டு வடக்கே. மீனாட்சிபுரத்தில் இன்னொரு பஸ் ஸ்டாண்டு. நடுவில் ஜவுளிக்கடை, நகைக்கடை, கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரிகள், கோயில், சர்ச்சு, ஓட்டல். அதாவது ரயிலில் இறங்கினவன் கடைக்குப் போக ஒரு வண்டி, கடையிலிருந்து ஸ்டாண்டுக்குப் போக ஒரு வண்டி, ஸ்டாண்டிலிருந்து ஊருக்குப் போக ஒரு வண்டி. மூன்று ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசை மாசாமாசம் கட்டினால் சொந்த வண்டியே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டான் நாஞ்சில்காரன். படிப்பு அதிகம் உள்ள மாவட்டம், கணக்கு எல்லோருக்கும் வரும். எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டார்கள். வளைகுடாவிலிருந்து பணம் வந்தது. வீட்டுக்கு ஒரு கார், ஆளுக்கு ஒரு பைக். இப்போது ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கக் காரை எடுத்துக்கொண்டு வந்து, கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றி, இடம் கிடைக்காமல் பூ வாங்காமலே வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் கேட்டால், “டவுணுல ஒரே டிராபிக்கு” என்று பதில். தான் அந்த டிராபிக்கில் ஓர் உருப்படி என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

இதற்கு மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு ஒரு பரிகாரம் கிடைத்தது: இரும்பு மேம்பாலம், இரண்டரைக் கிலோமீட்டர் கிட்ட. 2019-இல் பிரதமர் நரேந்திர மோடி கன்னியாகுமரிக்கு வந்தபோது அதுவும் நம்ம பார்வதிபுரம் மேம்பாலமும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. மார்த்தாண்டம் சந்தைக்கு மேலே இப்போது கார் பறக்கிறது. பறக்கிற கார் கடையில் நிற்பதில்லை. கீழே கடைக்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நெரிசலை ஒழித்தார்களா? மாடியில் ஒழித்திருக்கிறார்கள். தரைத்தளத்தில் பழையபடிதான்.

2019 ஒரு விசித்திரமான வருடம். நாகர்கோவில் மாநகராட்சி ஆனது அந்த வருடம். மவுண்ட் ரோட்டுக்கு அடியில் மெட்ரோ ஓடியதும், சென்னை பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கிக் காருக்கு இடத்தைக் குறைத்ததும் அந்த வருடம்தான். அதே வருடம் டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தின் நட்டநடு வியாபாரத் தெருவான ஜார்ஜ் ஸ்ட்ரீட்டில் லைட் ரயில் ஓடத் தொடங்கியது. லைட் ரயில் என்றால் வேறொன்றும் இல்லை, டிராமுக்கு முடிவெட்டிப் பவுடர் போட்டுப் புதுப்பெயர் வைத்தது. சிட்னியில் ஒருகாலத்தில் உலகத்துப் பெரிய டிராம் வலைகளில் ஒன்று இருந்தது. நம்ம மதராஸ் மாதிரியே காருக்கு வழி விடணும் என்று 1961-க்குள் முழுதாகப் பிடுங்கிப் போட்டார்கள். பிறகு ஜார்ஜ் ஸ்ட்ரீட் முழுக்கக் காரும் பஸ்ஸும் புகையும். அதே தெருவில் திரும்பத் தண்டவாளம் போட்டு, நடுப்பகுதியில் காரே வரக்கூடாது என்று மூடிவிட்டார்கள். இரண்டு வண்டி கோத்த ஒரு ரயில் 67 மீட்டர் நீளம்; 450 பேர் ஏறலாம். அத்தனை பேரும் ஆளுக்கொரு காரில் வந்தால் வரிசை எங்கே போய் நிற்கும் என்று நீங்களே மணிமேடையிலிருந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா வந்துவிடவில்லை. செலவு எகிறியது, வேலை வருடக்கணக்கில் இழுத்தது, ஒப்பந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார், தெருவைத் தோண்டிப்போட்டதில் ஏவாரம் படுத்த கடைக்காரர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு விஷயத்தில் சிட்னி நம்ம நாஞ்சில்நாட்டுக்குச் சம்பந்தி ஊர் என்று எனக்குப் படுகிறது. இன்னொன்று கேளுங்கள். ஜார்ஜ் ஸ்ட்ரீட்டின் ஒரு பகுதியில் மேலே கம்பி கிடையாது. தெரு அழகு கெடக்கூடாது என்று மின்சாரத்தைத் தண்டவாளத்துக்கு நடுவே, தரையிலிருந்தே எடுக்கிறார்கள். 1895-இல் மதராஸ் செய்ததுதான். கம்ப்யூட்டர் சேர்த்திருக்கிறார்கள், ஐப்பசி கார்த்திகையைச் சேர்க்கத் தேவைப்படவில்லை.

நமக்கும் ஒருமுறை கிட்டத்தட்ட வந்தது. திருவனந்தபுரத்தில் 2012 வாக்கில் மோனோ ரயில் என்று ஆரம்பித்து, 2014-இல் அதைக் கைவிட்டு லைட் மெட்ரோ என்று மாற்றி, பள்ளிப்புரத்திலிருந்து கரமனைவரை 21.8 கிலோமீட்டருக்கு 19 நிலையங்கள் என்று கோடு கிழித்தார்கள். கொங்கண் ரயில் போட்ட ஈ. ஸ்ரீதரன் ஆலோசகர். கரமனை எங்கே இருக்கிறது? நாகர்கோவில் சாலையில். அதற்கப்புறம் நேமம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, பிறகு களியக்காவிளை, அது நம்ம எல்லைதான். அனந்தனும் விக்டோரியாவும் மார்த்தாண்டனும் மண்டைக்காட்டோடு நின்றதற்குப் பரிகாரமாக இது கரமனையோடாவது நிற்கும் என்று பார்த்தால், கரமனைக்கே வரவில்லை. 2018 மார்ச்சில், அந்த வேலைக்காக வந்திருந்த டெல்லி மெட்ரோ நிறுவனம் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. கொழும்பில் மாலபேக்கும் கோட்டைக்கும் ஜப்பான் கடனில் போட இருந்த லைட் ரயிலையும் 2020-இல் அங்குள்ள அரசு ரத்து செய்தது. நமக்கு வடக்கேயும் வரவில்லை, தெற்கே கடலுக்கு அப்புறமும் வரவில்லை. நடுவில் நாம் சமத்துவமாக இருக்கிறோம்.

“அப்பம் நம்ம டவுணுக்கு டிராம் வேணும்னு சொல்லுகேரா வேய்?” என்றால், இல்லை அண்ணாச்சி. கோட்டாறு, மீனாட்சிபுரம், மணிமேடை, வடசேரி என்று ஒரு தடம் என் மனசில் ஓடிக்கொண்டிருப்பது நிஜம். ஆனால் நம்ம அளவு ஊருக்கு அத்தனை கோடியைக் கொட்டி அறுபத்தேழு மீட்டர் வண்டியை விட்டால், முன்பாதி சந்திப்பில் திரும்பும்போது பின்பாதி இன்னொரு வார்டில் இருக்கும். எந்தக் கவுன்சிலர் கொடியசைப்பது என்று தகராறு வரும். ஒழுங்காக அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ் விட்டாலே நம்ம டவுணுக்கு யதேஷ்டம்.

நான் சொல்ல வருவது வேறு. சிட்னியிலும், 1994-இல் டிராமைத் திரும்பக் கொண்டுவந்த பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கிலும், கடைத்தெருவை மாற்றியது வண்டி இல்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் 1989 நகராட்சித் தேர்தலே சுரங்க ரயிலா டிராமா என்பதில்தான் நடந்தது. கடைக்காரர்கள் சுரங்கம் கேட்டார்கள், தெருவில் கார் இருக்கட்டும் என்று. டிராம் கேட்ட கேத்தரின் டிராட்மான் ஜெயித்து மேயரானார்; நகரத்துக்குள் குறுக்கே புகுந்து போகிற காரை முதலில் நிறுத்தினார், தண்டவாளம் பிறகுதான் வந்தது. தண்டவாளம் என்பது காருக்குக் காட்டுகிற ஒரு மரியாதையான சாக்கு. “போகாதே” என்று சொன்னால் எந்த மேயருக்கும் அடுத்த தேர்தல் இல்லை. “ரயில் வருகிறது, ஒதுங்கு” என்றால் ஒதுங்குவார்கள்.

அந்தச் சாக்கு நம்மிடம் இல்லாமல் இல்லை. தை மாதம் நாகராஜா கோயில் தேர் ஓடுகிறது. மார்கழியில் சுசீந்திரத்தில் தேர். தடம் நிலையானது, நிலை நிலையானது, வேகம் டிராமைவிடக் குறைவு. தேர் வருகிறது என்றால் ரதவீதியில் ஒரு கார் நிற்குமா? மின்வாரியக்காரர் கம்பியைக் கழற்றுகிறார், போலீஸ்காரர் வண்டியைத் திருப்பிவிடுகிறார், பந்தல் கழி பின்வாங்குகிறது, ஆக்கிரமிப்பு தானாக உள்ளே போகிறது. எம்.எல்.ஏ. வந்தாலும் இறங்கி நடந்துதான் வரணும். அன்றைக்குக் கடையில் ஏவாரம் படுத்ததாக எந்த வியாபாரியும் சொன்னதில்லை. வளையல்காரனும் பஜ்ஜிக்காரனும் வருடம் முழுக்க அந்த நாளுக்குத்தான் காத்திருக்கிறார்கள். கார் இல்லாத கடைத்தெருவில் கூட்டம் வரும் என்பதற்கு ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிப் போய் அறிக்கை எழுதத் தேவையில்லை. நம்ம தெருவிலேயே வருடத்தில் சில நாள் தெரிகிறது. மறுநாள் காலையில் எல்லா வண்டியும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

எனவே மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம். செட்டிக்குளத்திலோ வேப்பமூட்டிலோ மேம்பாலம் கட்ட யாராவது வரைபடத்தோடு வந்தால் ஒரு சாயா வாங்கிக்கொடுத்து அனுப்பிவையுங்கள். அதற்குப் பதில் வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு சாயங்காலம் போதும், கடைத்தெருவில் ஒரே ஒரு தெருவைத் தேர் வருகிற தெரு மாதிரி மூடுங்கள். கோட்டாறு ரயில் நிலையத்திலிருந்து வடசேரி ஸ்டாண்டுக்கு அந்த நேரம் இடைவிடாமல் பஸ் விடுங்கள். ஆறு மாசம் நடத்துங்கள். ஏவாரம் குறைந்தது என்று கடைக்காரர்கள் கணக்குக் காட்டினால் நிறுத்திவிடலாம். வழக்குப் போட வேண்டுமென்றால் கோர்ட்டு மணிமேடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். காரை எடுக்காமல் போங்கள்.